வராத மூணு நாள்

அந்த அக்கா காய் வாங்குற தினுசே தனி. கூடையில முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும், "முருங்கைக்காய் இருக்காதே?"ன்னு கேப்பாங்க. காய்காரம்மா கூடையை இறக்கி வச்சுட்டு, "அப்ப இது என்ன தாயி, பாம்பா?"ம்பா. "இல்லை, வித்துப் போயிருக்கும்னு நினைச்சேன்"னு அக்கா சொல்லுவாங்க. போஸ்ட்மேன் தெருமுனை திரும்பும்போதே, "எங்களுக்கு ஒண்ணும் இருக்காதுங்க, நீங்க போங்க." ஒரு தடவை அந்த மனுஷன் கார்டைக் கையில நீட்டிக்கிட்டு நின்னு முழிச்சார். நான்தான் ஓடிப்போய் வாங்கினேன்.

ஐம்பதுகள் முடியுற நேரம் அது. ஸ்ரீரங்கத்துல அடையவளஞ்சான் வீதி. ஒரே வாசல், உள்ளே ரெண்டு குடித்தனம். ஒண்ணுல நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு புள்ளைங்களும். இன்னொண்ணுல அக்கா, அவங்க வீட்டுக்காரர், மாமியார். கிணறு, துவைக்கிற கல்லு, பின்கட்டு எல்லாம் பொது. அக்கா பேரைச் சொல்லப் போறதில்லை. சொன்னாலும் ஒண்ணும் தெரியாது, ஸ்ரீரங்கத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு அந்தப் பேர்தான்.

ஒரு நாள் ரெண்டு பேரும் பஸ் ஏறி மெயின்கார்டு கேட் பக்கம் சினிமாவுக்குப் போனோம். நான் வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சி, புள்ளைங்களை அக்கா மாமியார்கிட்ட விட்டுட்டு, பட்டுப் புடவை கட்டிக்கிட்டுப் போனேன். தியேட்டர் வாசல்ல ஒரே தலையா இருந்துச்சு. "டிக்கெட் இருக்காது, வா போலாம்." கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அடுத்த பஸ்ல ஏறிட்டாங்க. அது முந்தின ஆட்டம் விட்டு வெளியே வந்த கூட்டமாம். உள்ளே ஈ ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் அக்காவே வந்து, "கிடைச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்"னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு யாரால கோவமா இருக்க முடியும்?

எதையும் முன்னாடியே 'இல்லை'ன்னு சொல்லிடணும், அதுதான் அக்கா. வேற யாராவது சொல்றதுக்கு முந்தி தானே சொல்லிடணும். பொறவியிலேயே அப்படியா, இல்லை ஆனாங்களான்னு எனக்கு இன்னிக்கும் குழப்பம்தான்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அக்காவுக்குக் குழந்தை இல்லை. அப்பல்லாம் மாசத்துல மூணு நாள் பொம்பளை ஒதுங்கி உக்காரணும். எங்க ரெண்டு குடித்தனத்துக்கும் சேத்துப் பின்கட்டுல ஒரு சின்ன அறை. பாய், தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அந்தக் கதவு சாத்தியிருந்தா அது தெருவுக்கே சேதி. ரொம்ப நாள் சாத்தாம இருந்தா அது அதைவிடப் பெரிய சேதி. அக்காவுக்கு மாசாமாசம் வராது. ரெண்டு மாசம் தள்ளும், மூணு மாசம் தள்ளும், சமயத்துல அதுக்கு மேலயும் தள்ளும். வந்தா நிக்காது. ஆக, ஒவ்வொரு தடவையும் அவங்க மாமியார், "எங்க வீட்ல முழுகாம இருக்கா"ன்னு கிணத்தடியில நின்னு சொல்லிடுவாங்க. அந்தப் பெரியம்மாவுக்குத் தங்கமான மனசு, ஆனா வாயில ஒரு சேதி தங்காது. சாயங்காலத்துக்குள்ள அம்மா மண்டபம் வரைக்கும் போயிடும். அப்புறம் ஒரு நாள் அந்த அறைக் கதவு சாத்தும். பெரியம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுவாங்க.

ஒரு தடவை கூத்தே நடந்துச்சு. அஞ்சு மாசமா உக்காரலை. வாந்தி வேற எடுத்தாங்க, பித்தமோ என்னமோ. பெரியம்மா நல்ல நாள் பாத்து வளையல் போட்டுடலாம்னு பாலக்கரையிலேருந்து சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டுட்டாங்க. நானும் விடியக்காலையிலயே எழுந்து புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் காய்ச்சினேன். வளையல்காரர் வந்து கூடத்துல சரத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். அக்கா தலை வாரிப் பூ வச்சுக்கிட்டு பின்பக்கம் போனவங்க வரவே இல்லை. போய்ப் பாத்தா அந்த அறைக் கதவு சாத்தியிருக்கு. பூவைக் கழட்டி வாசப்படிக்கு வெளியில வச்சிருந்தாங்க. கலைஞ்சுதா, இல்லை முதல்லேருந்தே ஒண்ணும் இல்லையா? எனக்கும் தெரியலை, பெரியம்மாவுக்கும் தெரியலை, அக்காவுக்கே தெரியலை. வந்தவங்க சாப்பிடறதா போறதான்னு தெரியாம முழிச்சாங்க. அப்புறம் சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க.

அன்னிக்கு ஒரு சொந்தக்காரர் கை கழுவிக்கிட்டே, "பையனுக்கு வேற இடம் பாக்கலாமே"ன்னு ஆரம்பிச்சார். பெரியம்மா எழுந்து நின்னு, "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் மருமகளைப் பேசுறியா? எந்திரிச்சுப் போடா"ன்னாங்க. அவ்வளவு பெரிய மனுஷர் செருப்பைக் கூட சரியா மாட்டலை. அவர் போனப்புறம் பெரியம்மா துவைக்கிற கல்லு மேல உக்காந்து அழுதாங்க பாருங்க, ஒப்பாரியாட்டம் இல்லை, சத்தமே இல்லாம, உடம்பு மட்டும் குலுங்க. அந்த அறையோட ஜன்னல் கல்லுக்கு நேர் எதிர. அக்கா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.

அதுக்கு அடுத்த மாசம் அக்கா ஒழுங்கா உக்காந்தாங்க. அதுக்கு அடுத்த மாசமும். அப்புறம் ஒரு மாசம்கூடத் தவறலை. பெரியம்மாவுக்குத் தலைகால் புரியலை. "மலைவேம்பு வேலை செய்யுதுடி! உடம்பு சுத்தமாயிடுச்சு, இனிமே தரிச்சுடும்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மலைவேம்பு இலையை இடிச்சுச் சாறு எடுத்து, அந்த மூணு நாளும் வெறும் வயித்துல குடிக்கணும். வாயில வச்சா நாக்கு செத்துடும், அப்படி ஒரு கசப்பு. அக்கா முகம் சுளிக்காம குடிப்பாங்க.

ஒரு தடவை எனக்கும் அவங்களுக்கும் ஒரே நேரத்துல வந்துச்சு. அடுத்த மாசமும் அப்படியே. அதுக்கு அடுத்ததும். சின்ன அறை, ரெண்டு பொம்பளை, மூணு நாள். அதுக்குள்ள எதை மறைக்க முடியும்? அக்கா வெள்ளைத்துணியைத் துவைச்சுக் காயப் போட்டாங்க. துவைக்கிறதுக்கு முந்தியும் அது வெள்ளையாத்தான் இருந்துச்சு. நான் பாத்துட்டேன். நான் பாத்ததை அவங்களும் பாத்துட்டாங்க.

"என்னக்கா இது?"

"சத்தம் போடாத."

"உங்களுக்கு வரலைதானே? அப்புறம் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"நீ உக்காந்தா நானும் உக்காந்துடறேன். கணக்குக்கு உன்னை வச்சுக்கிட்டேன்"னாங்க, ஏதோ பக்கத்து வீட்ல காபிப்பொடி கடன் வாங்கின மாதிரி.

ஊர்ல வந்ததை மறைச்சுட்டு அடுப்படிக்குள்ள போறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். வராததை வந்துச்சுன்னு சொல்லி ஒதுங்கி உக்காந்த பொம்பளையை நான் அதுக்கு முன்னாடியும் பாக்கலை, பின்னாடியும் பாக்கலை. "ஏன்க்கா?"ன்னேன்.

"உக்காரலைன்னா அத்தைக்கு ஆசை வந்துடும். மூணு மாசம், நாலு மாசம் வளத்துட்டு ஒரே நாள்ல இல்லைன்னு ஆனா தாங்க மாட்டாங்க. மாசாமாசம் இல்லைன்னு சொல்லிட்டா சின்னதா அழுதுட்டு விட்டுடுவாங்க."

"அந்தக் கசப்பை வேற குடிக்கிறீங்களே!"

"குடிக்கலைன்னா தெரிஞ்சுடாதா?"

அக்கா பொய் சொல்றாங்கன்னு கோவப்படவா, பாவம்னு அழவா, இல்லை இந்த மாதிரி ஒரு ரோசனை எந்த மூளைக்குள்ளேருந்து வருதுன்னு சிரிக்கவா? மூணும் சேந்து வந்துச்சு. அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே சொர்க்கவாசல்ல நெரியுது, அக்கா ஒண்ணுமே இல்லாம அறைக்குள்ள உக்காந்திருந்தாங்க. வராததுக்கு ஒதுங்கினா அது பாவத்துல சேத்தியா, புண்ணியத்துல சேத்தியா? யார்கிட்ட போய்க் கேக்குறது?

இதுல எனக்கு மூணாவது தரிச்சுடுச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, அக்காவும்தான். ஆனா தனியா வந்து, "நீ இப்படிப் பண்ணிட்டியே, இனிமே நான் எதைப் பாத்து உக்காருவேன்?"னு கேட்டாங்க. நிஜமாவே கவலையோட கேட்டாங்க. அப்புறம் அமாவாசையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அமாவாசைக்குப் படையல் சமைக்கணுமே, அதனால மறுநாள் உக்காருவாங்க. பெரியம்மா முட்டிவலியோட அடுப்படியில நின்னு ஆக்கிப் போட்டாங்க.

அக்கா கொஞ்சம் பூசின உடம்பு. எவ்வளவு கொஞ்சமா சாப்பிட்டாலும் இடுப்பு இறங்காது. மோவாய்க்குக் கீழ நாலஞ்சு முடி முளைக்கும். கிணத்தடியில கண்ணாடியைச் சாத்தி வச்சுக்கிட்டுப் பிடுங்கிட்டு மஞ்சள் பூசிக்குவாங்க. பின்கழுத்து கறுத்திருக்கும். அது அழுக்குன்னு பெரியம்மா பயத்தமாவு போட்டுத் தேய் தேய்னு தேய்ப்பாங்க. "தோலே வந்துடும் பெரியம்மா, விடுங்க"ன்னு நான் இந்தப் பக்கமிருந்து கத்துவேன். முடி, கறுப்பு, தள்ளிப்போறது எல்லாம் ஒரே கோளாறோட கிளைங்கன்னு அப்போ எங்களுக்கு யார் சொன்னா? ரொம்ப வருஷம் கழிச்சு என் கடைசி மருமகளுக்கு இதே மாதிரி இருந்துச்சு. ஸ்கேன்ல டாக்டர் காட்டினாங்க, முட்டைப் பைக்குள்ள சின்னச் சின்னதா கறுப்பு வட்டம். பிசிஓஎஸ்னு பேராம். நான் அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், மருமக, "ஏன் அத்தை அழறீங்க, இது மாத்திரையில சரியாயிடும்"னா.

அக்காவுக்கும் ஒரு டாக்டரம்மா பாத்தாங்கதான். கூத்து நடந்ததுக்கு அப்புறம் அக்கா வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி, லீவு போட்டுட்டு அவங்களையும் பெரியம்மாவையும் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனார். அவர் பெரிய கடை வீதியில ஜவுளிக்கடையில வேலை. கடையில புடவையை விரிச்சுப் போட்டு மணிக்கணக்கா பேசுவாராம், வீட்ல வாயே திறக்காத மனுஷர். டாக்டரம்மா கை வச்சுப் பாத்துட்டு, முட்டைப் பையில சின்னச் சின்னக் கட்டிங்க இருக்கு, ஆளைக் கொல்ற கட்டி இல்லை, உடம்பு கொஞ்சம் இளைக்கட்டும், மெட்ராஸ்ல இதுக்கு ஆபரேஷன் பண்றாங்க, பண்ணிக்கிட்டுக் குழந்தை பெத்தவங்க இருக்காங்க, பண்ணாமயே பெத்தவங்களும் இருக்காங்கன்னு சொன்னாங்களாம். இத்தனையும் அண்ணன் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி, அவர் எனக்குச் சொன்னது. பெரியம்மா காதுல விழுந்தது ஒரே ஒரு வார்த்தை: கட்டி. அக்காவும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. "எனக்குள்ள கட்டிதான் இருக்கு, வேற என்ன இருக்கப் போகுது?"

எனக்கு மூணாவது பொறந்து மடியில கெடக்குற சமயம், அக்கா வயிறு கொஞ்சம் கொஞ்சமா பெருக்க ஆரம்பிச்சுது. பெரியம்மா பாத்தாங்க. அமாவாசைக்கு அமாவாசை தவறாம உக்காந்துக்கிட்டு இருக்கா, வயிறு மட்டும் பெருக்குதுன்னா வேற என்னவா இருக்கும்? கட்டி பெருத்துப் போச்சு. அந்தப் பெரியம்மா, ஒண்ணுமில்லாதப்போ எல்லாம் ஊரைக் கூட்டினவங்க, இப்போ ஒரு வார்த்தை வெளியில சொல்லாம சமயபுரத்துக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சாங்க. புள்ளைக்காக இல்லை, மருமக உசிருக்காக. திருவெறும்பூர் பக்கம் பெரியம்மாவோட கூடப்பொறந்த அண்ணன் இருந்தார். அங்க பெரிய ஃபேக்டரி வரப்போகுதுன்னு நிலத்தை எல்லாம் அளந்துக்கிட்டு இருந்த நேரம். அந்த ஊர் வைத்தியர்கிட்ட, கட்டியைக் கரைச்சு வெளியில தள்ளுற மருந்து இருக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்து குடுத்தார். கறுப்பா, வேர் வேரா, ஒரு பொட்டலம். வெள்ளிக்கிழமை தலை முழுகிட்டுக் கஷாயம் போட்டுக் குடிக்கணும்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் கிணத்தடியில புள்ளைத்துணி அலசிக்கிட்டு இருந்தேன். அக்கா வந்து கல்லு மேல உக்காந்தாங்க.

"நாளைக்குக் குடிச்சா கேக்குமா, கேக்காது"ன்னாங்க. "வாயு வேற. உள்ளுக்குள்ள உருண்டுக்கிட்டே இருக்கு."

"எங்க உருளுது?"

கையைப் பிடிச்சு வச்சுக் காட்டினாங்க. என் கை ஈரம். சில்லுன்னு பட்டதும் உள்ளேருந்து ஒண்ணு சுருக்குன்னு உதைச்சுது பாருங்க! எனக்கு மூணு பெத்த வயிறு. அந்த உதை எனக்குத் தெரியாதா?

"அக்கா! வாயுக்குக் காலு இருக்குமா?"

"என்னடி உளறுற?"

"நீங்கதான் உக்காரவே இல்லையே! அதாவது, உக்காந்தீங்க, ஆனா வரலையே! கடைசியா நிஜமா எப்ப வந்துச்சு?"

அக்கா யோசிச்சாங்க. யோசிச்சு யோசிச்சு, பொய்யா உக்காந்ததுக்கும் நிஜமா உக்காந்ததுக்கும் நடுவுல எங்கேயோ தொலைஞ்சு போனாங்க. "தெரியலையே"ன்னாங்க. "அதெல்லாம் இருக்காது. கட்டிதான். நீ எனக்கு ஆசை காட்டாத. எல்லாரும் காட்டியாச்சு, நீயும் காட்டாத"ன்னு சொல்லும்போது குரல் உடைஞ்சு போச்சு. எனக்கும் அழுகை வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. ஈரக்கையோட அவங்களை இழுத்து நிறுத்தினேன். கைப்புள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு, பெரிய ரெண்டையும் பெரியம்மாகிட்ட விட்டுட்டு, "அக்காவுக்கு வயித்துவலி, டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்துடறோம்"னு ஒரே ஓட்டம். பஸ்ல பாலத்தைத் தாண்டும்போது அக்கா, "டாக்டரம்மா இருக்க மாட்டாங்க"ன்னாங்க. "இல்லைன்னா அவங்க வீட்டு வாசல்ல உக்காருவேன்"னேன்.

டாக்டரம்மா இருந்தாங்க. மரக்குழல் ஒண்ணை வயித்துல வச்சு, காதைக் குடுத்துக் கேட்டாங்க. இடம் மாத்தி மாத்திக் கேட்டாங்க. "அஞ்சு மாசம் முடிஞ்சிருக்கும்மா. நல்லா ஓடுது, குதிரையாட்டம்"ன்னாங்க.

அக்கா எழுந்து உக்காந்து, "சரியாப் பாத்தீங்களா டாக்டரம்மா? எனக்குக் கட்டி உண்டே"ன்னு கேட்டாங்க.

"கட்டிக்கு நெஞ்சு துடிக்காதும்மா."

நான் கஷாயப் பொட்டலத்தைப் பத்திச் சொன்னேன். டாக்டரம்மா முகம் மாறிப் போச்சு. "அதை எடுத்துத் தூரப் போடுங்க. குடிச்சிருந்தா இதுவும் போயிருக்கும், நீயும் போயிருப்பே." வீடு வர்ற வரைக்கும் வயித்து மேல அக்கா ஒரு கையை வச்சுக்கிட்டே வந்தாங்க, ஒட்டாம, ஒரு விரல்கடை தள்ளி.

இப்போ பெரியம்மாகிட்ட சொல்லணுமே. நான் சொன்னேன். அவங்க என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "மாசாமாசம் உக்காந்தவளுக்கு அஞ்சு மாசமா? டாக்டரம்மா புத்தி கெட்டுப் போச்சா, உன் புத்தி கெட்டுப் போச்சா?"

நான் அக்காவைப் பாத்தேன். இதை நான் சொல்லக் கூடாது, அவங்கதான் சொல்லணும். அக்கா தரையைப் பாத்துக்கிட்டு, "வரலை அத்தை. நான் சும்மா உக்காந்தேன்"ன்னாங்க.

"சும்மான்னா?"

"வளையல் போட வந்த அன்னிக்கு நீங்க கல்லு மேல உக்காந்து அழுதீங்களே. அதுலேருந்து."

பெரியம்மாவுக்கு உடனே விளங்கலை. விளங்க விளங்க முகம் ஒரு தினுசா ஆச்சு. "அப்ப நான் முட்டி ஒடிய ஆக்கிப் போட்டதெல்லாம் பொய்யிக்கா? என் மலைவேம்பு? நாளைக்கு இந்தப் பொட்டலத்தை நானே என் கையால காய்ச்சி உனக்கு..." கையை ஓங்கிட்டாங்க. ஓங்கின கையால அடிக்கவும் தெரியலை, அதை இறக்கவும் தெரியலை. அப்படியே அக்கா தலையில வச்சுக்கிட்டு, "கொலைகாரி ஆக்கப் பாத்தியேடி என்னை"ன்னு அழுதாங்க. இந்தத் தடவை ஒப்பாரியாட்டம், சத்தம் போட்டு. அண்ணன் கடையிலேருந்து வந்து வாசல்ல செருப்போட நின்னுட்டார். யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சாராம். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்க் கைகால் கழுவிட்டு, மறுபடி வெளிய வந்து, மறுபடி போய்க் கழுவினார்.

அதுக்கப்புறம் அந்த வீட்ல எல்லாம் தலைகீழ். பெரியம்மா யார்கிட்டயும் மூச்சு விடலை. வளையல்னு யாராவது வாயெடுத்தா முறைப்பாங்க. மலைக்கோட்டைக்குப் போய்த் தாயுமானவருக்கு, சுகப்பிரசவம் ஆகணும்னு, வாழைத்தார் நேந்துக்கிட்டு வந்ததைக் கூட என்கிட்ட காதுக்குள்ளதான் சொன்னாங்க. பெரியாஸ்பத்திரியில பொண்ணு பொறந்துச்சு. மூக்கும் முழியுமா, தலை நிறைய முடியோட. பெரியம்மா வார்டுன்னு கூடப் பாக்காம, "சுகப்பிரசவம், சுகப்பிரசவம்"னு எல்லாக் கட்டில்கிட்டயும் போய்ச் சொன்னாங்க. அத்தனை மாசம் அடக்கி வச்சிருந்த வாயாச்சே.

ஆனா அக்கா அந்தப் புள்ளையைப் பாக்கவே இல்லை. நல்லாக் கேளுங்க, பால் குடுத்தாங்க, துடைச்சாங்க, தொட்டில்ல போட்டாங்க. முகத்தைப் பாக்கலை. பால் குடுக்கும்போது செவுத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. "பாருங்கக்கா, சிரிக்கிறா"ன்னா, "தங்காது"ம்பாங்க. புள்ளையும் தேறலை. சளி பிடிச்சுக்கிட்டு, இழுத்துக்கிட்டு, பாலை ஓக்காளிச்சுக்கிட்டு. அக்கா பாக்காததால தேறலையா, தேறாததால பாக்கலையா? எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் அண்ணன் அவரா என்கிட்ட வந்து, "நீங்க கொஞ்சம் சொல்லுங்கம்மா"ன்னார். அவர் என்கிட்ட நேரா பேசினதே அதுதான் முதல் தடவை.

பெரியம்மாதான் ஒரு வழி பிடிச்சாங்க. நம்ம பக்கத்துல உண்டே, தவம் கெடந்து பெத்த புள்ளை தங்கணும்னா, புள்ளைங்க நிறைஞ்ச ஒருத்திகிட்ட குடுத்துட்டு, இது அவ புள்ளைன்னு ஆக்கிட்டு, அப்புறம் ஒரு முறம் தவிடு குடுத்து விலைக்கு வாங்குறது. தவிட்டுக்கு வாங்கின புள்ளை மேல எமனுக்குக் கூடக் கண்ணு போகாதாம். "மூணு பெத்து மூணும் தக்கவச்சவ நீதான். நீ வாங்கிக்க"ன்னாங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையான்னே தெரியாது. ஆனா வேண்டாம்னு எப்படிச் சொல்றது?

காலையில பெரியம்மா புள்ளையைக் கொண்டுவந்து என் கையில குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம போயிட்டாங்க. வழக்கம் அப்படி. குளிப்பாட்டினேன். என் மூணாவது பக்கத்துல போட்டேன். பசியில அழுதுச்சு. என்கிட்ட பால் இருந்துச்சு, குடுத்தேன். சின்ன வாய், சளியில மூச்சு முட்டி முட்டி, விட்டுட்டு விட்டுட்டுக் குடிச்சுது. குடிச்சுக்கிட்டே என்னை நிமிந்து பாத்துச்சு. சத்தியமா சொல்றேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் குழம்பிப் போச்சு. இது விளையாட்டா, நிஜமா? இவ யார் பொண்ணு? பெத்தவ இவ முகத்தையே பாக்கலை, என் முகத்தைத்தானே முதல்ல பாக்குது?

அப்போ அக்கா வந்தாங்க, கையில முறம் நிறைய தவிடு. பின்னாலயே பெரியம்மா. வாங்க வர்றவ வாயைத் திறந்து கேக்கணும், கேட்டாத்தான் குடுக்கலாம். "அம்மா, உங்க புள்ளையை எனக்குக் குடுங்க"ன்னு கேக்கணும்னு பெரியம்மா சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க. அக்கா நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. உதடு அசையுது, சத்தம் வரலை. கடைசியில வந்துச்சு.

"குடுக்க மாட்டே, இல்லை?"

பெரியம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு எங்கேருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ. புள்ளையை மாரோட இறுக்கிக்கிட்டு, "ஆமா, மாட்டேன். அப்படிக் கேட்டா குடுக்க மாட்டேன். இவளுக்கு அம்மா நான்தான், போங்க. வேணுமா வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க"ன்னேன். சொன்னதுல பாதி நிஜம்.

அக்கா என்னைப் பாத்தாங்க. அப்புறம், அத்தனை நாளைக்கு அப்புறம், என் கையில இருந்த முகத்தைப் பாத்தாங்க. புள்ளை பால் வாயோட தும்முச்சு.

"வேணும்"னாங்க.

"கேக்கலை"ன்னேன்.

"எனக்கு வேணும்." முறம் சரிஞ்சு தவிடு எல்லாம் காலடியில கொட்டிப் போச்சு. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, "எனக்கு வேணும், குடு. என்னுது. வேணும் எனக்கு, இவ வேணும்"னு சொன்னதையே சொல்லிக்கிட்டு நின்னாங்க, சின்னப் புள்ளைங்க கடைவீதியில நின்னு கத்துமே, அந்த மாதிரி, வெக்கமே இல்லாம.

கொட்டின தவிட்டை மிதிச்சுக்கிட்டுப் போய் நான் குடுத்துட்டேன்.